மலிவு ஏர் ரைஃபிள் மக்கர் செய்தால்: கடலோரத்துக்காரர்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் பனந்தோப்பு இருக்கிறது. அதில் 10 மீட்டர் அளந்து, ஒரு முனையில் மணல் மூட்டைகளை இரண்டு அடுக்காக அடுக்கி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் யாராவது ஒருவர் ரெக்சின் உறையில் சுற்றிய ஏர் ரைஃபிளோடு அங்கே வந்து நிற்பார். சிலர் வாங்கிவிட்டு வருகிறார்கள், சிலர் வாங்கப் போகிறவர்கள். இரண்டு பேருக்கும் கேள்வி ஒன்றுதான்: "இது கொடுத்த காசுக்குத் தேறுமா?"

கோளாறு எங்கே என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. பத்து ரூபாய் ரப்பர் வளையத்தில் தீர்கிற கோளாறும் உண்டு, எவ்வளவு செலவழித்தாலும் தீராத கோளாறும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். விலை குறைந்த ரைஃபிளின் தரத்தை நான் இதை வைத்துத்தான் எடை போடுகிறேன்: அதில் வரும் கோளாறுகளில் எத்தனையை ஒரு ஸ்குரூ டிரைவரும் ஆலன் கீயும் வைத்து நாமே சரிசெய்ய முடியும்? மீதி எத்தனை குழலுக்குள்ளும் விசைக்குள்ளும் ஒளிந்திருக்கின்றன?

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 0.177 அங்குலத்துக்கு (4.5 மில்லிமீட்டர்) மேற்படாமலும், குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாமலும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. அதைத் தாண்டினால் தேவை. தோட்டா போட்டுச் சுடும் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் வேறு சங்கதி. அது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கடுமையான கட்டுப்பாட்டில் இருக்கிறது, கடைக்குப் போய் விலை கேட்டு வாங்குகிற சாமான் இல்லை. இங்கே "செமி ஆட்டோ" என்று விளம்பரம் செய்து விற்பது பெரும்பாலும் கேஸ் குப்பி போடும் ஏர் கன்தான். அதைக் கடைசியில் பார்ப்போம். மற்றபடி இந்தக் கட்டுரை முழுக்க, நம் பக்கம் அதிகம் புழங்குகிற, குழலை மடித்து ஸ்பிரிங்கை ஏற்றும் ரைஃபிளைப் பற்றியது. விசையை அழுத்தினால் ஸ்பிரிங் விடுபட்டு பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் காற்றை அமுக்கும், அந்தக் காற்று குண்டைத் தள்ளும். காற்று கசியாமல் பிஸ்டன் முனையில் இருக்கும் வாஷர்தான் சீல்.

கை வைப்பதற்கு முன்

உள்ளே குண்டு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்று நினைவிருந்தாலும் பாருங்கள். கண்ணைக் காக்கும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். குழல் மடிந்து திறந்திருக்கும்போது விசையை அழுத்தவே கூடாது. ஸ்பிரிங் விடுபட்டால் குழல் சாட்டை மாதிரி மேலே எழும். விரல் நடுவில் இருந்தால் விரல் போகும், இல்லாவிட்டால் குழல் வளையும். குண்டு வைக்கும்போது ஒரு கை எப்போதும் குழலைப் பிடித்தபடியே இருக்க வேண்டும்.

குண்டு போடாமல் வெறுமனே சுட்டுப் பார்ப்பதும் கூடாது. குழலில் குண்டு அடைத்திருந்தால்தான் பிஸ்டனுக்கு முன்னால் காற்று மெத்தை மாதிரி நின்று அதைத் தாங்கும். வெறும் குழலில் பிஸ்டன் நேராகச் சுவரில் மோதி சீலை நசுக்கும். விற்பவர் வாங்குபவர் முன்னால் நாலு தடவை 'டப் டப்' என்று வெறுமனே அடித்துக் காட்டினால், அந்த ரைஃபிள் இத்தனை நாள் எப்படிப் புழங்கியது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

அறிகுறி: சத்தம் வருகிறது, குண்டில் வேகம் இல்லை

என்னிடம் அதிகம் வருவது இந்தப் புகார்தான். போன மாசியில் கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி வந்தான். அண்ணன் துபாயிலிருந்து அனுப்பிய பணத்தில் வாங்கிய ரைஃபிள். "அண்ணே, வாங்குன புதுசுல டின்னைத் துளைச்சுக்கிட்டுப் போச்சு. இப்ப டின்னுல பட்டு அங்கேயே விழுது. ஸ்பிரிங் போயிருச்சுன்னு சொல்றாங்க, மாத்தணுமாண்ணே?" என்றான்.

ஸ்பிரிங்கை நினைப்பது கடைசியில்தான். முதலில் பார்க்க வேண்டியது குழலின் பின்வாய். குழலை மடித்தால் குண்டு வைக்கும் துளையைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம், அதாவது ஓ-ரிங், தெரியும். அவனுடையதில் அது தட்டையாக நசுங்கி, ஓரிடத்தில் மயிரிழை அளவு வெடித்திருந்தது. குண்டூசியால் நெம்பி எடுத்தேன். அடியில் இருந்த பள்ளத்தில் இரண்டு மணல் துகள்கள் உட்கார்ந்திருந்தன. வெடிப்புக்குக் காரணம் அவைதான். ரைஃபிளைக் கடற்கரை மணலில் கிடத்திவிட்டு அப்படியே மடித்திருக்கிறான். குழல் மூடும் ஒவ்வொரு முறையும் அந்த மணல் ரப்பரை அறுத்திருக்கிறது.

உறுதி செய்ய ஒரு சோதனை இருக்கிறது. டிஷ்யூ பேப்பரைக் கிழித்து, குழலும் உடலும் சேரும் இணைப்பின் மேல் சும்மா படுக்க வையுங்கள். குண்டு போட்டு மணல் மூட்டையைப் பார்த்துச் சுடுங்கள். பேப்பர் எகிறிப் பறந்தால் காற்று அங்கே கசிகிறது. அசையாமல் கிடந்தால் பின்வாய் நன்றாக இருக்கிறது, அடுத்ததைப் பார்க்கலாம்.

வளையத்துக்குக் கம்பெனியைத் தேடி அலைய வேண்டாம். படகு எஞ்சின் ஸ்பேர் விற்கிற எந்தக் கடையிலும் ஓ-ரிங் கிடைக்கும். பழையதைக் கையோடு கொண்டுபோய் விட்டமும் தடிமனும் ஒத்துப் பார்த்து வாங்குங்கள். மூடுவதற்கு முன் வளையம் உலோக விளிம்பை விட ஒரு பொட்டு மேலே நிற்க வேண்டும். அமுங்கியே இருந்தால், தாளில் வளையம் வெட்டி அடியில் கொடுத்து உயர்த்தலாம்.

"எவ்வளவுண்ணே ஆச்சு?" என்று கேட்டான். பத்து ரூபாய். ஸ்பிரிங் மாற்ற அவனிடம் இரண்டாயிரம் கேட்டிருந்தார்களாம்.

வேகம் கூடியதா என்று பார்க்க வேகமானி வேண்டியதில்லை. துணி துவைக்கும் சோப்புக்கட்டி ஒன்று போதும். ஒரே கம்பெனிக் கட்டி, ஒரே 10 மீட்டர், ஒரே டப்பாக் குண்டு. பழுது பார்ப்பதற்கு முன் மூன்று, பின் மூன்று. குண்டு போன ஆழத்தை ஈர்க்குச்சி விட்டு அளந்துகொள்ளுங்கள். அந்தத் தம்பியுடையதில் முன்பு நகக்கண் அளவுக்குப் போன குண்டு, பிறகு அரை விரல் ஆழம் போனது. வாங்கும்போது இரண்டு ரைஃபிள்களை ஒப்பிடவும் இதே சோப்பு போதும்.

பின்வாயில் கசிவு இல்லை, ஆனாலும் வேகம் இல்லை என்றால் பிஸ்டன் சீலைச் சந்தேகிக்கலாம். மலிவான ரைஃபிள்கள் சிலவற்றில் இன்னும் தோல் வாஷர்தான். பீரோவுக்குள்ளேயே ஒன்றிரண்டு வருடம் கிடந்தால் தோல் காய்ந்து சுருங்கிவிடும். இதற்கு வைத்தியம் எளிது. குழலை மேல்நோக்கி நிறுத்தி, காற்று வரும் சிறு துளையில் சிலிகான் ஆயில் இரண்டு சொட்டு விட்டு, ஒரு ராத்திரி அப்படியே வையுங்கள். தோல் ஊறி விரிந்துகொள்ளும். பிளாஸ்டிக் சீல் என்றால் எண்ணெயால் பலன் இல்லை. கிழிந்திருந்தால் மாற்ற வேண்டும், மாற்றுவதற்கு ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டும்.

ஸ்பிரிங்கை வீட்டில் கழற்றாதீர்கள். ஓய்வில் இருக்கும்போதும் அது அழுத்தத்தில்தான் இருக்கிறது. பின் மூடியைத் தளர்த்தினால் அம்பு மாதிரி வெளியே வரும். அமுக்கிப் பிடிக்கும் கருவி வைத்திருப்பவரிடம் கொடுங்கள்.

இங்கேயே மதிப்புக் கணக்கும் ஒன்று இருக்கிறது. ரைஃபிள் பெட்டியில் "நொடிக்கு 1000 அடி" என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். அது 305 மீட்டர். அந்த வேகம் 0.3 கிராம் எடையுள்ள லேசான கலப்பு உலோகக் குண்டு போட்டால்தான் வரும். ஆற்றல் கணக்கில் சுமார் 14 ஜூல். அதே ஆற்றலை 0.5 கிராம் ஈயக் குண்டுக்குக் கொடுத்தால் வேகம் 237 மீட்டருக்கு இறங்கிவிடும். இரண்டு ரைஃபிள்களில் ஒன்று 1000, இன்னொன்று 800 என்று போட்டிருந்தால், எந்தக் குண்டுக்கு என்று கேட்காமல் விலையைக் கூட்டாதீர்கள். ஒலிம்பிக்கில் 10 மீட்டர் போட்டிக்குப் பயன்படும் ரைஃபிள்களே நொடிக்கு 170, 180 மீட்டர் வேகத்தில்தான் சுடுகின்றன. அங்கே பத்து மதிப்பெண் பெறும் நடுப்புள்ளியின் விட்டம் 0.5 மில்லிமீட்டர். 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது அந்தப் பிரிவில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவதும் அதே பிரிவில்தான். தாளில் சுடுகிற நமக்கும் வேகத்தைவிட ஒழுங்குதான் முக்கியம்.

அறிகுறி: புகை, வெடிச்சத்தம், கருகிய வாடை

சுட்டதும் குழல் முனையில் நீலப் புகை. பட்டாசு மாதிரி சத்தம். சிலருக்கு இது பெருமை: "செம பவர்ணே!" உண்மையில் உள்ளே எண்ணெய் எரிகிறது.

விசைப்படகு ஓட்டுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். டீசல் எஞ்சினில் தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை ஒரே அமுக்காக அமுக்கினால் வரும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. ஏர் ரைஃபிளிலும் அதுதான் நடக்கிறது. தையல் மிஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே என்று எதையாவது காற்றறைக்குள் விட்டிருப்பார்கள். புது ரைஃபிளில் தொழிற்சாலையில் தடவிய எண்ணெய் முதல் சில டஜன் குண்டுகளுக்குப் புகையும். அது தானாக நின்றுவிடும், பயம் வேண்டாம். ஐம்பது, நூறு குண்டுக்குப் பிறகும் புகைந்தால்தான் கோளாறு.

செய்ய வேண்டியது, இனி அந்த மாதிரி எண்ணெய்களை விடாமல் இருப்பது. கனமான ஈயக் குண்டைப் போட்டு நிதானமாகச் சுட்டுக்கொண்டே வாருங்கள், மிச்சம் எரிந்து தீரும். சத்தம் குறையவில்லை என்றால் பிரித்துத் துடைக்கத்தான் வேண்டும். இப்படி வெடித்துக்கொண்டே இருந்த பழைய ரைஃபிளை வாங்கினால், சீலும் ஸ்பிரிங்கும் மாற்ற வேண்டியிருக்கும் என்று விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: குண்டுகள் சிதறுகின்றன

இதில் அவசரப்படாதீர்கள். ரைஃபிளின் உண்மையான தரம் தெரிவது இங்கேதான், நல்ல ரைஃபிளைக் குப்பை என்று ஒதுக்குவதும் இங்கேதான்.

முதலில் அளவுகோல். 10 மீட்டரில், உட்கார்ந்தபடி, ஐந்து குண்டு சுட்டால் அவை ஒரு ரூபாய் நாணயத்தால் மூடும்படி விழ வேண்டும். மலிவு ரைஃபிளுக்கு நான் கேட்பது அவ்வளவுதான். அந்த ஐந்தும் குறியில் விழ வேண்டும் என்பதில்லை. குறியை விட்டு நாலு விரல் தள்ளிக் கூட்டமாக விழுந்தாலும் சரி, குறி பார்க்கும் சைட்டைத் திருகிச் சரிசெய்துகொள்ளலாம். கூட்டமே விழாவிட்டால்தான் சிக்கல்.

திருகுகளில் ஆரம்பியுங்கள். தோளில் வைத்துப் பிடிக்கும் கட்டையை உலோக உடலோடு இணைக்கும் திருகுகள் முன்னால் இரண்டு, விசையைச் சுற்றி வளையமாக இருக்கும் விசைக்காப்புப் பக்கம் ஒன்றோ இரண்டோ இருக்கும். ஸ்பிரிங் ரைஃபிள் ஒவ்வொரு குண்டுக்கும் பின்னாலும் முன்னாலும் இரண்டு முறை உதறும், அதில் திருகு கழன்றுகொண்டே வரும். நம் பக்கம் இன்னொன்றும் உண்டு. வாடைக்காற்று அடிக்கிற ஐப்பசி, கார்த்திகையில் மரக்கட்டை ஈரம் குடித்து உப்பும். சித்திரையில் காய்ந்து சுருங்கும், திருகு தளர்ந்து நிற்கும். மரக்கட்டை ரைஃபிள் வைத்திருப்பவர்கள் பருவம் மாறும்போதெல்லாம் திருக்கிப் பாருங்கள். திருகுப் பல்லில் ஒரு பொட்டு நெயில் பாலிஷ் வைத்து முடுக்கினால் உதறலுக்குச் சீக்கிரம் கழலாது.

அடுத்தது குழல் மடியும் மூட்டு. ரைஃபிளை ஏற்றி, முனையை மணல் மூட்டைப் பக்கமாகவே வைத்து, குழலை இடமும் வலமும் லேசாக அசையுங்கள். ஆட்டம் இருக்கவே கூடாது. இருந்தால் மூட்டுத் திருகை முடுக்குங்கள். பல மலிவு ரைஃபிள்களில் அந்த இடத்தில் முடுக்க முடியாத ஆணி அடித்திருப்பார்கள். ஆணியில் ஆட்டம் வந்துவிட்டால் மருந்தில்லை. வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: மூட்டில் திருகா, ஆணியா? திருகு இருந்தால் சில நூறு ரூபாய் கூடக் கொடுக்கலாம்.

மூன்றாவது குண்டு. ஒரே டப்பாவிலிருந்து பத்துக் குண்டை எடுத்து, கையால் குழலுக்குள் தள்ளிப் பாருங்கள். ஒன்று தானாக வழுக்கி உள்ளே போகும், ஒன்று கட்டைவிரலை அழுத்தினாலும் போகாது. அப்படியிருந்தால் ரைஃபிளைக் குறை சொல்லிப் பயன் இல்லை. ஒருமுறை ராமநாதபுரத்தில் நகை வேலை செய்யும் நண்பரின் தராசில் ஒரு மலிவு டப்பாவை நிறுத்துப் பார்த்தோம். 0.45 கிராம் என்று போட்டிருந்த குண்டுகளில் 0.42உம் இருந்தது, 0.48உம் இருந்தது. பாவாடை மாதிரி விரிந்த பின்பகுதி நசுங்கிய குண்டுகளும் நிறைய. நல்ல டப்பா ஒன்று வாங்கி, அதில் ஐம்பது சுட்டுவிட்டுப் பிறகு ரைஃபிளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லுங்கள். தாளில் சுடத் தட்டைத்தலைக் குண்டு நல்லது. ஓட்டை வட்டமாக, சுத்தமாக வெட்டுப்படும்.

நான்காவது பிடி. இறுக்கிப் பிடித்தால் ஸ்பிரிங் ரைஃபிள் சிதறும். தோளில் நன்றாக அழுத்தி, முன்கையால் இறுகப் பற்றினால், ஒவ்வொரு முறையும் இறுக்கம் கொஞ்சம் மாறும், குண்டும் மாறும். உள்ளங்கையை விரித்து, அதன் மேல் ரைஃபிளைப் படுக்க விடுங்கள். அது தன் போக்கில் உதறட்டும். கட்டையை மேசை விளிம்பிலோ சுவரிலோ நேராகச் சாய்க்காதீர்கள். மடித்த துண்டு வைத்து, அதன் மேல் கை, கையின் மேல் ரைஃபிள். பலருடைய ரைஃபிள் இந்த இடத்திலேயே குணமாகிவிடுகிறது.

இவ்வளவும் பார்த்த பிறகும் சிதறினால் குழலைப் பாருங்கள். முனையில் பஞ்சுக்குச்சியை வைத்து, துளையின் விளிம்பைச் சுற்றி மெதுவாக ஓட்டுங்கள். எங்காவது பஞ்சு இழை சிக்கினால் அங்கே பிசிறு இருக்கிறது. குண்டு வெளியே வரும் கடைசி நொடியில் அந்தப் பிசிறு ஒரு பக்கம் தட்டிவிடும். லேசான பிசிறை, நுண்ணிய அரைக்கும் பசை தடவிய பித்தளைத் திருகுத் தலையைக் கொண்டு, கை தேர்ந்தவர் தேய்த்து எடுப்பார். குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்து அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள் தெரிந்தால், அந்த ரைஃபிளை விட்டுவிடுங்கள். பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

அறிகுறி: காலையில் குறியில், சாயங்காலம் வேறிடத்தில்

பெரும்பாலும் ஸ்கோப், அதாவது மேலே மாட்டும் குறி பார்க்கும் தொலைநோக்கி. ஸ்பிரிங் ரைஃபிள் முன்பக்கமும் உதறுவதால், தோட்டா போட்டுச் சுடும் ரைஃபிளுக்குச் செய்த மலிவு ஸ்கோப் அதில் தாங்காது, உள்ளே கண்ணாடி தளரும். ஸ்கோப்பின் பிடியும் ரைஃபிளின் மேல் மெல்ல நகரும். பிடி உட்கார்ந்த இடத்தில் நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டு, முப்பது குண்டு கழித்துப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் நழுவல், தடுப்பு ஆணி உள்ள பிடி வாங்க வேண்டும். கோடு அப்படியே இருந்தால் ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு வெறும் சைட்டில் சுடுங்கள். கூட்டம் சரியாக விழுந்தால் குற்றவாளி ஸ்கோப்தான். ரைஃபிளோடு இலவசமாக வந்த ஸ்கோப்பை நான் மதிப்பில் சேர்ப்பதே இல்லை.

அறிகுறி: ஏற்றினால் நிற்கவில்லை, விசை தானாக விடுகிறது

நிறுத்துங்கள். இதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது. விசைக்குள் பிஸ்டனைப் பிடித்து நிறுத்தும் கொக்கி தேய்ந்திருக்கிறது, அல்லது யாரோ விசையை மென்மையாக்குகிறேன் என்று அரம் போட்டிருக்கிறார்கள். தட்டினாலே விடுபடும் ரைஃபிள், குண்டு வைக்கும்போது உங்கள் விரலை எடுத்துவிடும். புதியது என்றால் திருப்பிக் கொடுங்கள், பழையது என்றால் வாங்காதீர்கள். கொக்கி கிடைக்காத கம்பெனியாக இருந்தால் அது இரும்புக் கடைக்குப் போக வேண்டியதுதான்.

அறிகுறி: சுட்டதும் 'ணங்ங்' என்று ரீங்காரம்

ஸ்பிரிங் உள்ளே ஆடுகிறது. கெடுதல் இல்லை. அடுத்த முறை பிரிக்கும்போது கெட்டியான கிரீஸ் லேசாகப் பூசச் சொல்லுங்கள், அடங்கும். இதைக் காட்டி நூறு இருநூறு குறைக்கலாம்.

அறிகுறி: துரு

நம் கடலோரத்தில் ஏர் ரைஃபிளைக் கொல்வது இதுதான். மதுரையிலோ கோயம்புத்தூரிலோ பத்து வருடம் உழைக்கும் ரைஃபிள் எங்கள் பக்கத்து மண்டபம் ஊரில் இரண்டே வருடத்தில் பொரிந்துவிடும். பாம்பனில் 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தை அரிப்பிலிருந்து காப்பாற்ற எத்தனை தலைமுறை பாடுபட்டது என்று எல்லோருக்கும் தெரியும். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் தனி வகைப் பெயின்ட்டும் போட்டதும் இந்தக் காற்றுக்காகத்தான். வடகடல் ஒரு பக்கம், தென்கடல் ஒரு பக்கம், வாடைக்காற்று ஓய்ந்தால் கச்சான் காற்று. உப்பு வராத நாளே இல்லை.

"எண்ணெய் போட்டுத்தாண்ணே வச்சிருந்தேன், எப்படித் துரு வந்துச்சு?" என்று கேட்பார்கள். எண்ணெய்க்கு அடியில் உப்பு இருந்திருக்கும். சமையல் உப்பு 75 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் போனால் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரையும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது, அதற்கு அவ்வளவு ஈரம்கூட வேண்டாம். எண்ணெய்ப் படலத்துக்குக் கீழே உப்புத்துகள் இருந்தால், நாம் அதைப் பொத்திப் பாதுகாத்து வைத்ததாகத்தான் ஆகும்.

அதனால் வரிசை முக்கியம். முதலில் நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் வெளி உலோகம் முழுக்கத் துடைத்து உப்பை எடுங்கள். அடுத்து காய்ந்த துணி. அதன் பிறகு பத்து நிமிடம் நிழலில் காற்றாட விடுங்கள். கடைசியில்தான் எண்ணெய், அதுவும் வெளிப்பக்கம் மட்டும், மெல்லிய படலமாக. விரல் பட்ட இடத்தில் வியர்வை உப்பு ஒட்டும், அதையும் துடையுங்கள். ஸ்கோப் பிடிக்கு அடியில், மூட்டைச் சுற்றி, விசைக்காப்பின் உள்வளைவில், கட்டைக்குள் மறைந்த பகுதியில் என்று துரு தொடங்குவது எப்போதும் கண்ணில் படாத இடம்தான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது கட்டையைக் கழற்றிப் பாருங்கள்.

ரெக்சின் உறை எடுத்துப் போகத்தான், வைத்திருக்க இல்லை. உள்ளே இருக்கும் பஞ்சு ஈரத்தைக் குடித்து ரைஃபிளைத் தழுவிக்கொண்டிருக்கும். பீரோவில் பருத்தித் துணி சுற்றி, சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். பொட்டலத்தை அவ்வப்போது சூடேற்றி உலர்த்தினால் மறுபடி பயன்படும். குண்டு தனியாக, பூட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல்.

பழையது வாங்குகிறவர்கள் துருவைப் பார்த்ததும் ஓட வேண்டாம். ஓரிடத்தில் எண்ணெய் விட்டுப் பித்தளை பிரஷால் தேய்த்து, நகத்தால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் மேல்துரு, விலையைக் குறைத்து வாங்கலாம். நகம் குழியில் விழுந்தால் அரிப்பு ஆழமாகிவிட்டது. பளபளவென்று புதுக் கறுப்புப் பெயின்ட் அடித்த பழைய ரைஃபிளிடம்தான் நான் அதிகம் ஜாக்கிரதையாக இருப்பேன். பெயின்ட் கொப்புளித்த இடத்தைச் சுரண்டிப் பாருங்கள், சிவப்பு தெரியும்.

அறிகுறி: 'செமி ஆட்டோ' கேஸ் கன் நாலு குண்டுக்கு மேல் சோர்கிறது

12 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பி போட்டு, விசையை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் ஒரு குண்டு போகும் வகை. திரவமாக இருக்கும் வாயு ஆவியாகும்போது குப்பி சில்லிட்டுப் போகும், அழுத்தம் விழும். வேகவேகமாகப் பத்துக் குண்டு சுட்டால் பத்தாவது குண்டு முதல் குண்டை விடக் கீழே விழுவது இதனால்தான். அது பழுது இல்லை. குண்டுக்குக் குண்டு பத்து நொடி இடைவெளி விட்டுச் சுட்டுப் பாருங்கள். அப்போதும் சோர்ந்தால், புதுக் குப்பியைச் செருகியதும் 'உஸ்' என்ற சத்தம் தொடர்ந்து கேட்கிறதா என்று கவனியுங்கள். கேட்டால் குப்பி வாயில் உள்ள சீல் போயிருக்கிறது. குண்டு சிக்கினால் முதலில் மேகசினைக் கழற்றித் துடையுங்கள். மணலும் நசுங்கிய குண்டும்தான் பெரும்பாலும் காரணம். வெயிலில் நிற்கும் காருக்குள் குப்பியை வைக்காதீர்கள், அழுத்தம் ஏறும்.

இந்த வகையில் எஃகு உருண்டை போடுவதும் உண்டு. அது கடினமான பொருளில் பட்டால் சுட்டவர் முகத்துக்கே திரும்பி வரும். மதிப்பு என்று பார்த்தால், குப்பிச் செலவு குண்டுச் செலவைத் தாண்டும். இந்த விலைக்கு ஸ்பிரிங் ரைஃபிள்தான் என் தேர்வு.

சுட்டுப் பார்க்கிற இடம்

பழுது பார்த்ததும் கை குறுகுறுக்கும். தோப்பில் கொக்கு இருக்கும், கண்மாயில் நாரை இருக்கும். தேர்த்தங்கல், சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மேல, கீழச் செல்வனூர் என்று பறவைகள் சரணாலயங்களும் இந்த மாவட்டத்தில்தான் இருக்கின்றன. எங்கிருந்தோ கடல் தாண்டி வந்து இறங்குகிற பறவைகளும் அங்கே உண்டு. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தப் பறவைகளைச் சுடுவது குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அதைச் செய்கிறவருக்கு நான் ஒரு திருகுகூட முடுக்கித் தர மாட்டேன். தாளில் சுடுங்கள், பின்னால் மணல் மூட்டை இருக்கட்டும், அதற்கும் பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாத இடமாக இருக்கட்டும். ஈயக் குண்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

கீழக்கரைத் தம்பி இப்போது மாதம் ஒருமுறை வருகிறான். போன தடவை ஐந்து குண்டுத் தாளைச் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்தான். விரித்து, மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துக் காட்டினான். நாலு ஓட்டை மறைந்துவிட்டது. ஒன்று மட்டும் விளிம்பில் எட்டிப் பார்த்தது. "அந்த ஒண்ணு கையால போனதாண்ணே, ரைஃபிளால போனதா?" என்றான். முன்திருகை எடுத்துப் பார்த்தோம். அரைச் சுற்று தளர்ந்திருந்தது.